கவன நடை: இராமநாதபுரக் கரையில் எங்கே, எப்படி நடக்கலாம்?

தினமும் நடந்தும் மனசு அடங்கவில்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சுகருக்காகவோ பிரஷருக்காகவோ டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். அவர்களும் விடியற்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் ஒரு நடை போய்விட்டு வருகிறார்கள். கால் நடக்கிறது. மனமோ நகைக்கடன் வட்டியிலும், சவுதியில் இருக்கும் மகனிடமும், ராத்திரி வீட்டில் நடந்த வாக்குவாதத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும்போது உடம்பு வியர்த்திருக்கிறது, கிளம்பும்போது இருந்த பாரம் அப்படியே இருக்கிறது.

கவனத்தோடு நடப்பது இதற்கு ஒரு நல்ல வழி. மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இப்போது பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். செய்முறை சின்னதுதான். பாதம் தரையில் படுவது, உடம்பின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவது, காற்று முகத்தில் மோதுவது, இவற்றை நடக்கும்போதே உணர வேண்டும். மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்ததும், தன்னைத் தானே திட்டிக்கொள்ளாமல் மறுபடி பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனம் போகவே கூடாது என்று சட்டம் இல்லை. போவது, போனது தெரிவது, திரும்புவது மூன்றும் சேர்ந்ததுதான் பயிற்சி.

இது புதுசும் இல்லை. நடக்கும்போது நடக்கிறேன் என்று அறிந்து நட என்பது புத்தரின் பழைய பாலிப் பேருரைகளிலேயே உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய, மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வாரப் பயிற்சி இதை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தது. நம் கோயில்களில் நேர்த்திக்கடனாக அடிப்பிரதட்சிணம் செய்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலின் குதியை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து, அடி அடியாகப் பிரகாரத்தைச் சுற்றுவார்கள். அந்த வேகத்தில் நடக்கும்போது பாதத்தை மறக்கவே முடியாது.

ஆகவே செய்யலாமா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே, எந்த வேகத்தில், செருப்போடா வெறுங்காலோடா, எதைக் கவனத்தில் பிடித்துக்கொண்டு என்பதில்தான் தேர்வு இருக்கிறது. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் தாண்டி நீளும் இந்தக் கரையில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. பொதுவாக எழுதப்படும் ஆலோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வேக நடையா, மெது நடையா

உடம்புக்கு வேகம் வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மூச்சு கொஞ்சம் கூடும், ஆனால் பேச முடியும், அந்த வேகம்தான் மிதமான உழைப்பு. ஒரு அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தினமும் பத்தாயிரம் அடி என்ற எண்ணுக்காக ஓடவும் தேவையில்லை. 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பரவிய எண் அது.

மனத்துக்கு மெது நடை சுலபம். மெதுவாக வைக்கும்போது குதிகால், உள்ளங்கால், விரல் என்று தனித்தனியாக உணர முடிகிறது. வேகமாக நடக்கும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் பிடி கிடைப்பதில்லை.

அப்படியானால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமா? தாய்லாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு உதவுகின்றன. 2014இல் வெளியான ஒன்றில், மனச்சோர்வு இருந்த முதியவர்கள் 12 வாரம் நடந்தார்கள். ஒரு குழு சாதாரணமாக நடந்தது. இன்னொரு குழு ஒவ்வொரு அடிக்கும் மனத்தைப் பாதத்தில் வைத்து நடந்தது. உடல் திறன் இரண்டு குழுவுக்கும் கூடியது, மனச்சோர்வு கவனத்தோடு நடந்த குழுவில் மட்டும் குறைந்தது. 2016இல் வெளியான மற்றொன்று டைப் 2 சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டு குழுவுக்குமே இறங்கியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் இவை கவன நடைக் குழுவில் மட்டும் இறங்கின. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான், இவற்றை வைத்து மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. ஆனால் கவனத்தையும் உழைப்பையும் ஒரே நடையில் சேர்க்க முடியும் என்பதற்கு இவை போதும்.

என் முடிவு இது: முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் வழக்கமான வேகத்தில் நடங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை மெது நடைக்கு ஒதுக்குங்கள். வியர்த்து, உடம்பின் துடிப்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு மனம் சீக்கிரம் கேட்கும். வரிசையை மாற்றி, எழுந்ததும் மெது நடையில் ஆரம்பித்தால், அன்றைய வேலைப் பட்டியல்தான் முதலில் வந்து நிற்கும். சில வாரம் கழித்து வேக நடையிலும் அந்தக் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எந்தக் கரை

இதில்தான் பலரும் தவறான இடத்தைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இராமநாதபுரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு அரிச்சல்முனைதான் ஞாபகம் வரும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பல காலம் மணலில் ஜீப்பில் மட்டுமே போக முடிந்த அந்த முனைக்கு 2017இல் சாலை திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் வெட்டவெளி. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கவன நடை பழக அதைவிடச் சிரமமான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. கண் ஒவ்வொரு நொடியும் எதையாவது எடுத்துக்கொண்டே இருக்கிறது. வேன்கள், ஹாரன், செல்ஃபி, தொப்பியைப் பறிக்கும் காற்று. முனையில் நீரோட்டம் இழுக்கும், தண்ணீரில் இறங்கக் கூடாது. இருட்டுவதற்குள் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இராமேஸ்வரத்தில் குடியிருப்பவருக்கே போய்வர நாற்பது கிலோமீட்டர் ஆகிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போகும் இடத்தில் பழக்கம் எப்படி வரும்?

அங்கே போயே தீர வேண்டும் என்றால், முனைக்கு முன்பே கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தி நடக்கலாம். குளிர்காலத்தில் அங்கே தேங்கிய ஆழமற்ற நீரில் பூநாரைகள் இறங்கும். அந்தப் பகுதி 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தள்ளி நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்து வாருங்கள்.

அடுத்தது அரியமான். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து போனால் சவுக்குத் தோப்பு, அகலமான மணல், பாக் நீரிணையின் அமைதியான தண்ணீர். வார நாளில் காலையில் போனால் ஆள் நடமாட்டமே இருக்காது. நிழல் இருக்கிறது, தரை சமம், அலைச் சத்தம் மெல்லியது. சனி, ஞாயிறில் அது வேறு ஊர். உச்சிப்புளி, சுந்தரமுடையான் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. ராமநாதபுரம் டவுனிலிருந்து பெட்ரோல் போட்டு வருகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் சாத்தியம், அவர்கள் தினசரிக்கு வேறு இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இராமேஸ்வரம் டவுன்வாசிகளுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம். 1212 தூண்கள் என்று சொல்லப்படும் அந்த நீண்ட கல் மண்டபத்தில் வெயில் இல்லை, காற்றடிப்பு இல்லை, கல்லும் முள்ளும் இல்லை. செருப்பும் கைபேசியும் வெளியே. வெறும் பாதத்துக்குக் குளிர்ந்த கல். ஒரே மாதிரி தூண்கள் வரிசையாக வந்து போவதால் கண்ணுக்கும் வேலை இல்லை. கவன நடைக்கென்றே கட்டியது போல இருக்கும், கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும். அமாவாசை, விடுமுறை நாள், அதிகாலை ஸ்படிகலிங்க தரிசன நேரம் இவற்றைத் தவிர்க்க வேண்டும். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களால் தரை சொதசொதவென்று இருக்கும், வழுக்கும். வயதானவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்காலத்திலும் சித்திரை, வைகாசி வெயிலிலும் கடற்கரையைவிட இதையே நான் முன்னால் வைப்பேன்.

தேவிபட்டினம் நவபாஷாணத்தில் கடலுக்குள் நடைபாதை இருக்கிறது. பரிகாரம் செய்ய வருகிறவர்களின் இடம் அது, நம் நடைக்காக அவர்களை ஒதுங்கச் சொல்ல முடியாது. ஊரின் மற்ற கரைப்பகுதி பரவாயில்லை. பாம்பன் சாலைப் பாலம் வேண்டவே வேண்டாம், வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு பாதத்தைக் கவனிப்பது ஆபத்து. 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய பாம்பன் கரையில் குந்துகால் நினைவிடம் இருக்கும் பக்கம் அமைதியானது, பாம்பன்காரர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரோட்டோரமே போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2015இல் வெளியான ஆய்வில், புல்லும் மரமும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்தது. வண்டி நெரிசல் உள்ள சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. கடற்கரை கிட்டாதவர்கள் கண்மாய்க் கரைக்கும் ஊருணிக் கரைக்கும் போகலாம் என்று நான் சொல்வது இதனால்தான். ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது, பறவைகள் வரும் இடம். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் பனங்காட்டு ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய, பெயர் இல்லாத, போட்டோ எடுக்க எதுவும் இல்லாத கரைதான் எனக்கு முதலிடம். நாட்டுப்படகுகளை இழுத்துப் போட்டிருக்கும் மணல், காயும் வலை, அடப்பங்கொடி படர்ந்த மேடு, அவ்வளவுதான் அங்கே இருக்கும். நாலு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். கண் ஓய்ந்தால்தான் கால் பேச ஆரம்பிக்கும்.

ஆண் கடலா, பெண் கடலா

எங்கள் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் நீரிணையை பெண் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே இருப்பது அலையடிக்கும் கடல், வடக்கே இருப்பது குளம் மாதிரி கிடக்கும் கடல். வருஷம் முழுக்க அப்படியே இருப்பதில்லை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழ். அமைதியான பெண் கடல் அப்போது கரையைப் பிறாண்டும், தெற்குக் கடல் சாதுவாகிவிடும்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இரண்டு கடலும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. காற்றுக்கு முதுகு காட்டும் கரையைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆடியில் தெற்குக் கரையில் நடந்தால் மணல் முழங்காலில் வந்து அடிக்கும், கண்ணைத் திறக்க முடியாது, காதில் காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்காது. அந்த நிலையில் கவனம் என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்தில் ஒரே கடல்தான், அவர்கள் கச்சான் மாதங்களில் உள்ளே தள்ளி, பனைமர வரிசைக்குப் பின்னால் நடக்கலாம். தேவிபட்டினம், தொண்டிக்காரர்களுக்கு அந்தச் சிரமம் ஐப்பசி, கார்த்திகையில் வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகப் பக்கத்துக் கரைகளில் அப்போது டீசல் நெடி, ஏலச் சத்தம், லாரி எல்லாம் குறைந்திருக்கும். காலை ஆறு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்வதாக இருந்தால் புதிதாக ஆரம்பிக்க அது நல்ல காலம்.

வெறுங்காலா, செருப்பா

உச்சிப்புளியில் இருக்கும் என் அக்கா கேட்டார்: "ஏம்ப்பா, மணல்ல வெறுங்கால்ல நடந்தா சுகருக்கு நல்லதாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு." அவருக்கு சுகர் பத்து வருஷத்துக்கு மேல். உள்ளங்காலில் மதமதப்பு இருக்கிறது என்று அவரே சொல்வார். நான் சொன்ன பதில், "அக்கா, நீங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாது." இதை இங்கேயும் அழுத்தமாகச் சொல்கிறேன். நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தின் உணர்வு குறைந்தவர்களுக்கு முள் ஏறியது தெரியாது, மணல் சுட்டது தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும். அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை, விரல் எடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

அவர்களுக்குக் கவன நடை முடியாது என்று பொருள் இல்லை. விரலை மூடிய, இறுக்காத, அடி மெத்தென்ற செருப்போ கேன்வாஸோ போட்டுக்கொண்டு, பாதத்துக்குப் பதிலாக முழங்கால் மடங்குவதையும் கை வீசுவதையும் கவனித்தால் போதும். நடந்து வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், தனக்குத் தெரியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு வெறுங்கால் நல்ல வாய்ப்பு. ஈர மணலில் பாதம் பதிந்து எழும்போது கிடைக்கும் உணர்வு அவ்வளவு தெளிவானது, மனத்தைக் கொண்டுவந்து வைக்க நல்ல இடம். ஆனால் முதலில் செருப்போடு ஒரு சுற்றுப் போய்த் தரையைப் பாருங்கள். மீன் இறங்கும் கரைகளில் தூண்டில் முள், கெளுத்தி முள், அறுந்த நரம்பு வலை, பாட்டில் சில் கிடக்கும். தெற்குக் கரையில் பவளப்பாறைத் துண்டுகள் பாதத்தைக் கிழிக்கும். மணல் மேட்டில் ராவணன் மீசைப் புல் குத்தும், அதற்குப் பின்னால் சீமைக்கருவேல முள். வடக்குக் கரையில் கடல்புல் ஒதுங்கி மெத்தையாகக் கிடக்கும், நாற்றம் அடித்தாலும் காலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருந்தால் செத்துக் கிடந்தாலும் மிதிக்காதீர்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நடக்க வேண்டாம், ஆழம் குறைந்த இடத்தில் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும்.

உலர்ந்த பொலபொல மணலில் நடப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று 1998லேயே அளந்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு அது லாபம். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் அலை நனைத்த கெட்டி மணலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஈர மணலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ரொம்ப தூரம் நடந்தால் ஒரு கால் தாழ்ந்தே போகும், இடுப்பு வலிக்கும். மெது நடையை நேர்கோட்டில் நீட்டாமல், முப்பது அடி போய்த் திரும்பி, மறுபடி முப்பது அடி வருவதுதான் சரி. பௌத்தத் துறவிகள் குறுகிய பாதையில் முன்னும் பின்னும் நடந்தே பழகுகிறார்கள். திரும்பும் இடத்தில் நின்று, மனம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது என்பது அதில் கூடுதல் நன்மை.

எதைப் பிடித்துக்கொள்வது

பாதம், மூச்சு, சத்தம், இறைநாமம் என்று நாலு வழி இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பாதமே போதும். தூக்கு, நகர்த்து, வை என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம், வேக நடையில் இடது, வலது. மூச்சைக் கவனிப்பது உட்கார்ந்து செய்ய நல்லது. நடக்கும்போது காற்று எதிர்த்து அடித்தால் மூச்சு சீராக இருக்காது. படபடப்பு வருகிற வழக்கம் உள்ளவர்களுக்கு மூச்சையே பார்ப்பது படபடப்பைக் கூட்டவும் கூடும். அவர்கள் கவனத்தை வெளியே, சத்தத்தில் வைப்பது நல்லது. அலை, காக்கை, தூரத்து வத்தைப் படகின் மோட்டார், இப்படி வருவதை வரிசையாகக் கேட்டுக்கொண்டு நடக்கலாம்.

இந்தக் கரையில் ராம நாமம் சொல்லி நடப்பவர், திக்ர் செய்தபடி நடப்பவர், ஜெபமாலை உருட்டி நடப்பவர் எல்லாரும் உண்டு. அவர்கள் அதை விட்டுவிட்டுப் பாதத்துக்கு மாற வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை. அது வழிபாடு, அதற்கு அதன் பலன் உண்டு. ஒரு நாமத்துக்கு ஒரு அடி என்று சேர்த்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

இயர்போனில் ஒருவர் பேச அதைக் கேட்டு நடக்கும் செயலிகள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. காற்றில் பாதி கேட்காது. பின்னால் வரும் பைக் சத்தமும் கேட்காது. முதல் வாரம் வீட்டுக்குள் கேட்டுப் பழகிவிட்டு, கரைக்கு வரும்போது விட்டுவிட்டு வரலாம்.

தனியாகவா, துணையோடா

ஆண்களுக்கு இது பெரிய கேள்வி இல்லை. ஒரு பெண் கரையில் தனியாக, மெதுவாக, முப்பது அடிக்குள் போய் வந்துகொண்டிருந்தால் நாலு பேராவது "என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் ஐந்தாவது தடவை கேட்கும்போது நடக்கவே பிடிக்காது. ஆள் இல்லாத கரை என்றால் பயம் வேறு. அவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு பேராகப் போங்கள், போகும்போது பேசக் கூடாது, திரும்பும்போது பேசலாம் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துணை கிடைக்காத நாளில் பிரகாரம், பள்ளிவாசல் வளாகம், சர்ச் மைதானம், மொட்டை மாடி. மொட்டை மாடி அலுப்பாகத் தோன்றும், ஆனால் மெது நடைக்கு முப்பது அடி போதும், அது எல்லா மாடியிலும் இருக்கிறது.

மாலையில் இருட்டிய பிறகு நடப்பவர்கள் தை முதல் பங்குனி வரை மணலில் டார்ச் அடிக்க வேண்டாம். பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம் அது, வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.

கடலைப் பார்த்தால் கலங்குகிறவர்களுக்கு

கடற்கரை எல்லாருக்கும் அமைதி தரும் என்று எழுதுகிறவர்கள் கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்ததில்லை. கணவரும் மகனும் படகில் இருக்கும்போது, எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட செய்தி வந்த நாளில், அலைச் சத்தம் கேட்டு எந்தப் பெண்ணுக்கு மனம் அடங்கும்? கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவர்களை அலையைக் கேளுங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்கள் கடலுக்கு முதுகு காட்டி, கண்மாய்க் கரையிலோ தெருவிலோ, தெரிந்தவர் ஒருவரோடு நடக்கட்டும். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த நம் முன்னோர்களுக்கு இந்த வலி தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது, யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்றால் அது நடையால் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மன நோய்க்கு மருத்துவம் வேண்டும் என்பதை நம் மாவட்டம் அவ்வளவு பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தர்காவிலோ கோயிலிலோ சர்ச்சிலோ வேண்டிக்கொள்வதையும் நடப்பதையும் அதோடு சேர்த்துச் செய்யலாம்.

யாருக்கு எது

சர்க்கரை, பிரஷரோடு தினமும் ரோட்டில் நடப்பவர்: இடத்தை மட்டும் ரோட்டிலிருந்து கரைக்கோ கண்மாய்க்கோ மாற்றுங்கள், காலணியோடு. வேக நடை முதலில், கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக. என் அக்காவுக்கு நான் சொன்னதும் இதுதான். அவருக்கு அரியமான் பக்கம் என்பதால் சவுக்குத் தோப்பின் ஓரம், வார நாளில்.

எழுபது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர்: இராமேஸ்வரத்தில் இருந்தால் கூட்டமில்லாத நேரத்துப் பிரகாரம், தரை ஈரமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மற்ற ஊர்களில் சமமான சிமெண்ட் தெரு அல்லது மாடி. மணல் வேண்டாம்.

சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு வார லீவில் வருகிறவர்: அரிச்சல்முனைக்கு ஒரு நாள் போய், ஆசை தீரப் பார்த்துவிட்டு வாருங்கள். மீதி நாட்களில் சொந்த ஊர்க் கரையில் நடங்கள். திரும்பிப் போனதும் அங்கே கடல் இருக்காது, ஆகவே பாதத்தைப் பிடித்துப் பழகுங்கள், அலைச் சத்தத்தை நம்பிப் பழக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் இருப்பவர்: ஒரு மணி நேரத்தை ஞாயிறன்று கரையில் செலவழிப்பதைவிட, வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தினமும் நடக்கும் ஐந்து நிமிடத்தைக் கவனத்தோடு நடக்கலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் பஸ் ஸ்டாப்பைத் தேர்ந்தெடுப்பேன்.

எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு மாதம் பாருங்கள். சலிப்பு வருவது சாதாரணம், அதற்காக இடத்தை மாற்ற வேண்டாம். நடந்து முடிக்கும்போது முன்பைவிடப் படபடப்பு கூடுகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள்: முதலில் மூச்சிலிருந்து சத்தத்துக்கு, அப்புறமும் சரியாகவில்லை என்றால் மெது நடையை நிறுத்திவிட்டு ஒருவரோடு பேசிக்கொண்டே வேகமாக நடங்கள்.